பழைய இரும்புக் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு எங்களைத் தெரிந்திருக்கும். பேட்டையிலும் வள்ளியூரிலும் குவியலை அரைமணி நேரம் கிளறிவிட்டு, துருப்பிடித்த ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிற கோட்டிகள் நாங்கள்தான். கழித்துப்போட்ட சாமான்களையும் உயிருள்ள செடிகளையும் சேர்த்துச் சிற்பம் செய்கிறோம். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பழைய விவசாயச் சாமான், தறிச் சாமான், அரிசி மில் சாமான் எது வந்தாலும், கேஸ் கட்டரில் துண்டு போடுவதற்கு முன் ஒரு வாரம் அப்படியே ஓரமாகப் போட்டு வையுங்கள்.

துண்டு போட்டால்தான் லாரியில் அடுக்க முடியும், லோடு போனால்தான் காசு. அது நியாயம். ஆனால் வெறும் இரும்பு வேண்டுமென்றால் நாங்கள் புதுக் கம்பியே வாங்கிக்கொள்வோம். எங்களுக்கு வேண்டியது அந்தச் சாமானின் உருவம்.

கமலைக் கூனையை, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற இரும்பு வாளியை, எடுத்துக்கொள்ளுங்கள். மாடு வடத்தை இழுக்க, கூனை கிணற்றிலிருந்து மேலே வந்து, அடியில் கட்டிய தோல் வால் வழியாகத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். பம்பு செட் வந்த பிறகு அதைச் சீண்டுவாரில்லை. தோல் என்றோ மட்கிப் போயிருக்கும், வாய் மட்டும் திறந்து கிடக்கும். செடி வைக்கிறவனுக்கு அந்த ஓட்டைதான் வரம். தண்ணீர் தேங்காது, வேர் அழுகாது, நாங்கள் துளை போட வேண்டிய வேலையும் இல்லை. அதை நடுவில் பிளந்து இரண்டு தகடாக்கிவிட்டால் உங்களுக்கும் சில கிலோ இரும்புதான் மிச்சம். மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையும் அப்படித்தான். வட்டமாக இருக்கும்வரை பிரண்டையோ சங்குப்பூவோ ஏறிப் படரும். வெட்டி நிமிர்த்திவிட்டால் அது வெறும் பட்டைக் கம்பி.

நம்ம ஊர் வெயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்திரை வைகாசியில் இரும்புத் தொட்டிக்குள் வைத்த செடி வெந்துபோகும். கொடியின் கொழுந்து சூடான கம்பியைத் தொட்டாலே கருகிவிடும். அதனால் உள்ளே கோணிச் சாக்கும் தேங்காய் நாரும் கொடுத்து, வெளியே கயிறு சுற்றி, ஐப்பசி மழைக்கு நடுகிறோம். கோடைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். போல்ட்டு நட்டுகளை ஒட்டி மயில் செய்து, மேலே பச்சை பெயிண்ட் அடித்து ரவுண்டானாவில் நிறுத்துகிறார்களே, அந்த வேலை எங்களுக்குப் பிடிக்காது. எதில் செய்தது என்று தெரியாதபடி மறைக்கவா பழைய சாமானைத் தேடிப் போவது?

பழசுக்கு மரியாதை கொடுப்பது புதிதில்லை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், அரசு வனநிலத்தில் யாருக்கும் தெரியாமல் பல வருஷம் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்துச் சிலைகள் செய்துவந்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துவிடவே பார்த்தார்கள். அப்புறம் மனசு மாறி 1976இல் அதைப் பாறைத் தோட்டமாகத் திறந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஊரெங்கும் கழிவுப் பொருள் சேகரிக்கும் மையங்கள் வைத்து அவருக்குக் கொடுத்ததுதான். இங்கே அப்படி மையம் எதுவும் புதிதாக வேண்டாம். உங்கள் கடைகள் இருக்கின்றனவே.

எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். பேட்டரிப் பெட்டி, பூச்சிமருந்து டிரம், பழைய பெயிண்ட் டின் எங்களுக்கு ஆகாது. ஈயமும் மருந்தும் மண்ணில் இறங்கும், பக்கத்தில் நிற்கிற துளசியைக் குழந்தைகள் பறித்துத் தின்னும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டும் வேண்டாம். வெல்டிங் வைத்தால் அந்தப் புகையில் காய்ச்சலே வந்துவிடும்.

விலை விஷயம். எடைக்கு நீங்கள் விற்கிற விலைக்கு மேல் போட்டுத்தான் எடுப்போம். காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குக் கைமாற்றி லாபம் பார்க்க மாட்டோம். சந்தேகமிருந்தால் செய்துவைத்த இடத்துக்கு வந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று, வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்து அண்ணாச்சிமாருக்கு. பழைய காற்றாலையைக் கழற்றும்போது டவர் இரும்பும் செம்புக் கம்பியும் உங்களுக்கு வரும். இறக்கை மட்டும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. உருக்க முடியாது, அதனால் வாங்கவும் ஆளில்லை. அது எங்களுக்கு வேண்டும். இரும்பு மாதிரி கொதிக்காது என்பதால், சாய்த்து நிறுத்தினால் அதன் நிழலிலேயே செடி வளர்த்துவிடலாம். தயவுசெய்து முழுசாகவே விடுங்கள். அறுத்தால் இழைத் தூசி உங்கள் ஆட்களின் நெஞ்சுக்குள்தான் போகும். அவ்வளவு நீளத்தை ஏற்ற லாரி பிடிப்பதும் கூலி கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. எப்போது கழற்றுகிறார்கள் என்று மட்டும் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து, உங்கள் குவியலைக் கிளறுகிறவர்களில் ஒருவன்