ஹோர்னிலிருந்து கையை எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்: லண்டனில் தமிழில் கார் பழக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், குரொய்டன் என்று எங்கெங்கோ எல் பலகை பூட்டிய காரில் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, "கிளச்சை மெதுவா விடுங்கோ தம்பி" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வற்றுபவர்கள் நீங்கள். உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் நானும் பழகினேன், முதல் தடவையிலேயே பாஸும் பண்ணினேன். ஆனால் ஒரு பாடம் விட்டுப்போய்விட்டது. குதிரை.

சிரிக்காதீர்கள். லைசென்ஸ் எடுத்த இரண்டாம் வருடம் நான் டிலிவரி வான் ஓடிக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வெளியே எப்சம் பக்கம் ஒரு ஒடுங்கிய லேன், இரண்டு பக்கமும் ஆளுயரச் செடிவேலி, முன்னால் இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஆடி அசைந்து போகின்றன, எனக்கோ பதினொரு பார்சல் பாக்கி. கிட்டப் போய் 'பீப்' என்று ஒரு சின்ன ஹோர்ன் அடித்தேன். கோபத்தில் இல்லை, சத்தியமாக. ஊரில் பஸ்காரர் சைக்கிள்காரருக்கு அடிப்பாரே, நான் வருகிறேன் பார்த்துக்கொள் என்று, அந்த மாதிரி. வேலிப் பக்கம் போன குதிரை அப்படியே குறுக்காகத் திரும்பியது, பின்கால் தாரில் வழுக்கியது, மேலே இருந்த பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியது. எப்படி விழாமல் தப்பியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மற்றக் குதிரையில் இருந்த பெண் என்னைத் திட்டவில்லை. "அவளுக்குப் பன்னிரண்டு வயது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஹோர்ன் என்பது ஒரு மரியாதை. வளைவில் அடிப்போம், முந்தும்போது அடிப்போம், மாடு நின்றாலும் அடிப்போம், அடிக்காமல் போனால்தான் ஊரில் பேச்சு வாங்குவோம். அந்தக் கை பழக்கம் கடல் கடந்து கூடவே வந்துவிடுகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கார் பழக்குபவர் இதை யோசிக்கத் தேவையில்லை. நீங்கள் யோசிக்க வேண்டும்.

இந்த நாட்டு வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட் சொல்வது உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2022 ஜனவரி 29 முதல் அது கணக்கோடு சொல்கிறது: குதிரையைக் கடக்கும்போது மணிக்குப் பத்து மைலைத் தாண்டாதே, குறைந்தது இரண்டு மீட்டர் இடம் விடு, ஹோர்ன் அடிக்காதே, எஞ்சினை உறுமவிடாதே. இது 'கட்டாயம்' என்ற சொல்லோடு எழுதப்பட்ட விதி இல்லைதான், மீறினாலே குற்றம் என்று இல்லை. ஆனால் ஏதாவது நடந்து வழக்கு வந்தால், ஹைவே கோட்டில் இருப்பதைச் செய்யவில்லை என்பதை உங்கள் மாணவருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம். எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறோம்?

ஏன் இரண்டு மீட்டர் என்று எனக்கு விளங்கினது அதற்குப் பிறகுதான். அந்தப் பக்கம் ஒரு லாயத்துக்கும் பார்சல் கொண்டுபோவேன், அங்கே வேலை செய்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கிட்டத்தட்ட அரை டன் எடை, கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும். ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியுமாம், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர. அதாவது நாங்கள் காரைக் கொண்டுபோய் ஒட்டுகிற இடம் எதுவோ, சரியாக அங்கேதான் அதற்குக் கண் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும், எலக்ட்ரிக் கார் என்றால் அதுவும் சரியாகக் கேட்காது, திடீரென்று பக்கத்தில் ஒன்று முளைத்த மாதிரி இருக்கும். பயந்தால் ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. வேலியில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தாலே போதும், ஒரே எட்டில் ரோட்டின் நடுவுக்கு வந்துவிடும். நீங்கள் விடுகிற இரண்டு மீட்டர் அந்த ஒரு எட்டுக்கான இடம். லேனில் அவ்வளவு இடம் இல்லையா, பின்னால் தள்ளி நின்று காத்திருக்க வேண்டியதுதான். கடந்த பிறகும் உடனே அக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது.

பழகாத குதிரைதான் பயப்படும் என்று யாராவது சொன்னால் 2024 ஏப்ரல் 24 ஐ நினைவுபடுத்துங்கள். அரண்மனைக் காவல் குதிரைப் படையின் குதிரைகள், லண்டன் ரோட்டிலேயே பழகியவை, கட்டட வேலை நடந்த இடத்தில் கல் மண் கொட்டிய சத்தத்துக்கு மிரண்டு நகரத்துக்குள் ஓடின. வெள்ளைக் குதிரை ஒன்று ரத்தம் வழிய ஓடிய படம் எல்லார் போனிலும் வந்ததே. கிழக்கு லண்டன் லைம்ஹவுஸ் வரைக்கும் போயின. ஈஸ்ட்ஹாமில் இருக்கிற உங்களுக்கு அது எவ்வளவு கிட்ட!

அப்புறம், "ரெண்டு பேரும் ரோட்டை மறிச்சுக்கொண்டு போறாங்கள்" என்ற புறுபுறுப்பு. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். உள்பக்கம் பழகுகிற பிள்ளை, வெளிப்பக்கம் அனுபவசாலி மறைப்பாக வருகிறார், இதை ஹைவே கோட் அனுமதிக்கிறது. வழி விட்டதற்கு அவர்கள் கை காட்டாமல் தலையை மட்டும் ஆட்டினால் அது திமிரும் இல்லை, இரண்டு கையும் கடிவாளத்தில் இருக்கிறது. சுற்றுவட்டத்தில் இடது ஓரமாகவே வந்துகொண்டு வலது கையை நீட்டினால், இந்த எக்ஸிட்டில் இறங்கவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் தியரி டெஸ்டுக்குப் பாடமாக்கி மறுநாள் மறந்துபோகிற விஷயங்கள்.

தியரி டெஸ்டை ஒரு காலத்தில் தமிழ்க் குரலிலும் கேட்டுச் செய்யலாம். 2014 ஏப்ரல் 7 ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலம் மட்டுமட்டாகத் தெரிந்த ஒருவர் கேள்வியையும் விடையையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறார். ஏன் எதற்கு என்று அவருக்குத் தமிழில் விளக்க மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

டெஸ்ட் ரூட்டில் குதிரை வராது, அதனால் பழக்க நேரமில்லை என்பீர்கள். சரி. ஆனால் உங்களிடம் பாஸ் பண்ணுகிறவர் அடுத்த மாதமே வான் ஓடப் போகிறார், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூ ஃபொரெஸ்ட் காட்டுப் பக்கம் போகப் போகிறார், அங்கே மட்டக்குதிரைகள் வேலியும் இல்லாமல் ஆளும் இல்லாமல் இருட்டில் நடு ரோட்டில் நிற்கும்.

நான் கேட்பது ஒரு மணித்தியாலம். டெஸ்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒவ்வொரு மாணவரையும் ஒரு கிராமத்து லேனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குதிரை வந்தால் நல்லது, வராவிட்டால் வந்ததாக நினைத்து இரண்டாம் கியருக்கு இறக்கச் சொல்லுங்கள், வலது கை ஹோர்ன் பக்கம் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகும். எந்த லேன் என்று தெரியாதவர்கள் சொல்லுங்கள், எப்சம் பக்கத்தில் நானே வந்து காட்டுகிறேன். பெட்ரோல் காசும் என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு பழைய டிலிவரி வான் சாரதி