ஃபிரெட் அஸ்டேரின் கால்கள் எங்கே?

உங்கள் ஓடிடி தளத்தில் பழைய ஹாலிவுட் படங்களை ஏற்றும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் சந்தாதாரர். சென்ற மாதம் 1930களிலும் 40களிலும் வந்த இசைப்படங்களைத் தொகுப்பாக வெளியிட்டீர்கள். விளம்பரத்தைப் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். இந்தப் படங்களெல்லாம் தொலைக்காட்சியில் நள்ளிரவில்கூட வராமல் போய்ப் பல வருடமாகிறது. அதற்காக முதலில் நன்றி.

ஆனால் இன்றைய அகலமான டிவித் திரை நிரம்ப வேண்டும் என்று, அந்தப் படங்களை மேலும் கீழும் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். இது உங்களுக்கே தெரியும். ‘முழுத்திரை அனுபவம்’ என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருந்தீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: படத்தை எடுத்த வடிவத்திலேயே காட்டுங்கள்.

இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன். ‘உங்கள் டிவியின் அமைப்புகளைச் சரிபார்க்கவும்’ என்றார்கள். சரிபார்த்தேன், டிவி ஒழுங்காகத்தான் இருக்கிறது. மறுபடி எழுதினேன். எடுத்த வடிவத்தில் காட்டினால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதை வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை என்று பதில் வந்தது. எந்த வாடிக்கையாளர்கள் என்று கேட்டேன். என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகவும், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்றும் ஒரு செய்தி வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1932 முதல் ஹாலிவுட் படத்தின் அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்கு. ஐம்பதுகளில் அகலத்திரை வரும்வரை அதுதான் அளவு. இன்றைய டிவியின் அகலம் 1.78 மடங்கு. அந்தப் படத்தை இந்தத் திரையில் பக்கவாட்டில் நிரப்ப வேண்டும் என்றால் உயரத்தில் சுமார் 23 சதவீதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். கிட்டத்தட்ட கால்வாசிப் படம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நீங்கள் வாங்கிப் போட்டிருப்பவை நடனப் படங்கள். முகம் வெட்டுப்பட்டால் யாராவது கேட்பார்கள் என்று, வெட்டில் பெரும்பகுதியைக் கீழேயே வைத்திருக்கிறீர்கள். கீழே இருப்பது என்ன? கால்.

ஃபிரெட் அஸ்டேர் படத்தில் கால் இல்லை! இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. தன் நடனம் எப்படிப் படமாக வேண்டும் என்பதில் அவரைப்போலப் பிடிவாதம் பிடித்தவர் கிடையாது. ஆடும்போது தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தவரை வெட்டாமல் நீளமான ஷாட்டாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. முகத்துக்கு ஒரு குளோசப், காலுக்கு ஒரு குளோசப், நடுவில் வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் பிளப்பதற்கு ஒரு ஷாட் என்று நடனத்தைக் கூறு போடுவது அவருக்கு அறவே பிடிக்காது. ஒன்று கேமரா ஆட வேண்டும், இல்லையென்றால் நான் ஆட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் படங்களைத் தயாரித்த ஆர்கேஓ ஸ்டூடியோவே அதற்கு இணங்கிப்போனது. உங்கள் மென்பொருள் இணங்கவில்லை.

ஜிஞ்சர் ராஜர்ஸுடன் அவர் ஆடிய ‘ஸ்விங் டைம்’ 1936இல் வந்தது. அதன் கடைசி நடனத்தை ஒரே நாளில் 40 டேக்குக்கு மேல் எடுத்தார்கள். விடிகாலை வரை நீண்ட படப்பிடிப்பு. ஜிஞ்சரின் காலணிக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த டேக்கைத்தான் நான் உங்கள் தளத்தில் பார்த்தேன். இருவரும் முழங்காலுக்குக் கீழே மறைந்தபடி இடமும் வலமுமாக வழுக்கிக்கொண்டு போகிறார்கள். சுழன்றுகொண்டே படியேறும் இடத்தில் எந்தப் படியில் கால் வைக்கிறார்கள் என்பது தெரியவில்லை. தரையில் காலணி தட்டும் சத்தம் மட்டும் ‘டக் டக்’ என்று திரைக்குக் கீழே எங்கிருந்தோ கேட்கிறது. ரத்தம் வர ஆடியது எந்தக் காலோ அந்தக் காலை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறீர்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அஸ்டேர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இது நடந்திருக்கிறது. 1968இல் வந்த ‘ஃபினியன்ஸ் ரெயின்போ’வை இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. 35 மி.மீ.யில் எடுத்த படத்தை 70 மி.மீ.க்குப் பெரிதாக்கி வெளியிட்டது ஸ்டூடியோ. அந்த மாற்றத்தில் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, அஸ்டேர் ஆடும்போது கால் காணாமல் போனது. அறுபது வருடத்துக்குப் பக்கமாகியும் சினிமா வரலாற்றில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதே தவற்றைத்தான் நீங்கள் ‘அனுபவம்’ என்று விற்கிறீர்கள்.

அப்புறம் உடைகள். ‘டாப் ஹேட்’ (1935) படத்தில் ஜிஞ்சர் போட்டிருந்த இறகு கவுனைப் பற்றித் தெரியாத ரசிகர் இருக்க மாட்டார். பெர்னார்டு நியூமன் வடிவமைத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் உண்மையில் அது வெளிர்நீலம். ஜிஞ்சர் திரும்பும்போதெல்லாம் நெருப்புக்கோழி இறகுகள் பறந்து அஸ்டேரின் கோட்டிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டன. மனிதர் கடுப்பாகிவிட்டார். பின்னால் அவரே சமாதானமாகி, ஜிஞ்சருக்கு ‘இறகு’ என்று செல்லப்பெயர் வைத்து, தங்கத்தில் ஒரு சின்ன இறகும் செய்து கொடுத்தார். நல்ல பிரதியில் உற்றுப் பார்த்தால், நடனத்தின்போது இறகுகள் உதிர்ந்து மெதுவாகத் தரைக்குப் போவது இன்றும் தெரியும். உங்கள் பதிப்பில் போவதற்குத் தரை இல்லை. கவுனின் விளிம்பும் இல்லை. ஆடும்போது விளிம்பு எப்படி விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தைத்த துணி அது.

மேல்பக்கமும் முழுசாகத் தப்பவில்லை. கார்மென் மிராண்டா தலையில் கூடை கூடையாகப் பழம் வைத்துக்கொண்டு வருகிறார், உங்களிடம் வந்துசேர்வது பாதிக் கூடைதான். 1943இல் பஸ்பி பெர்க்லி எடுத்த வாழைப்பழப் பாட்டில் அவருடைய தொப்பிதான் கதாநாயகி! தொப்பியை வெட்டிவிட்டால் அந்த ஷாட்டில் பார்ப்பதற்கு என்ன மிச்சம்? அதே பெர்க்லி நடனப் பெண்களை வட்டமாக நிற்கவைத்து நேர் மேலேயிருந்து எடுக்கும் ஷாட்களுக்காக ஸ்டூடியோ கூரையில் ஓட்டையே போட்டவர். அந்த வட்டங்கள் உங்கள் தளத்தில், மேலும் கீழும் கத்தரித்த அப்பளம்போல இருக்கின்றன.

‘ஸ்டார்மி வெதர்’ (1943) படத்தையும் போட்டிருக்கிறீர்கள். நிக்கலஸ் சகோதரர்கள், ஃபயார்டும் ஹெரால்டும், பெரிய பெரிய படிகளில் ஒருவர்மேல் ஒருவர் தாண்டிக் குதித்து ஒவ்வொரு படியிலும் கால்களை முழுசாக விரித்து இறங்குவார்கள். கையை ஊன்றாமல் அப்படியே எழுவார்கள். ஒத்திகை இல்லாமல் ஒரே டேக்கில் எடுத்தது என்று சொல்வார்கள். உங்கள் பதிப்பில் குதிக்கிறார்கள், காணாமல் போகிறார்கள், திரும்ப மேலே வருகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தின் நாயகி லீனா ஹார்ன். மற்ற பல படங்களில் அவருடைய பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். காரணம், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண் அழகாக உடுத்திப் பாடுவதைக் காட்ட விரும்பாத தியேட்டர்காரர்கள் சுலபமாக வெட்டிவிடலாம் என்பதுதான். அவர்களிடம் ஒரு கேவலமான காரணம் இருந்தது. உங்களிடம் கறுப்புப் பட்டை பிடிக்காது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் ஆரம்பித்தவுடன் ‘அறிமுகத்தைத் தவிர்’ என்று ஒரு பொத்தான் வருகிறது. அந்தக் காலப் படங்களில் எல்லாப் பெயர்களும் ஆரம்பத்தில்தான் வரும். கடைசியில் ‘முற்றும்’ மட்டும் வரும், நடிகர் பட்டியல் ஒன்று வந்தால் உண்டு. எம்ஜிஎம்மில் கிரேட்டா கார்போவுக்கும் ஜோன் கிராஃபோர்டுக்கும் உடை அமைத்த அட்ரியனுக்கு ஆஸ்கர் கிடைத்ததில்லை. 1941இல் அவர் அந்த ஸ்டூடியோவை விட்டுப் போகும்வரை உடையலங்காரத்துக்கு என்று விருதே கிடையாது, 1948ஆம் வருடப் படங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த மரியாதை, தொடக்கத்தில் சில நொடி வரும் ‘கவுன்கள்: அட்ரியன்’ என்ற ஒரு வரிதான். அதையும் தாண்டிப் போகப் பொத்தான் வைத்திருக்கிறீர்கள்.

‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புக் காலணிகளும் அட்ரியனின் கைவண்ணம்தான். 1970இல் எம்ஜிஎம் தன் கிடங்கைக் காலி செய்து ஏலம் விட்டபோது ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் திருடு போய், 2018இல் மீட்கப்பட்ட வேறொரு ஜோடி 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. ஏலக் கட்டணம் சேராமலே 2.8 கோடி டாலருக்குப் போனது. உலகம் ஒரு ஜோடிக் காலணிக்கு இவ்வளவு கொடுக்கிறது. நீங்கள் அந்தக் காலணியை, குளோசப் வந்தால் தவிர, காட்டவே மாட்டேன் என்கிறீர்கள். சரி, விலையைப் பார்த்து உங்கள் மனம் மாறாது என்று தெரியும். கோபத்தில் வந்துவிட்டது.

இது உங்கள் ஒருவருடைய குற்றமும் அல்ல. வீடியோ கேசட் காலத்தில் அகலத்திரைப் படங்களின் இரண்டு பக்கத்தையும் வெட்டினார்கள். ஏழு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆடும் 1954ஆம் வருடப் படத்தில் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல் போனது. டிவி சதுரமாக இருந்தால் பக்கத்தை வெட்டு, டிவி அகலமாகிவிட்டால் காலை வெட்டு! நம் ஊர்ச் சேனல்கள் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைச் சலங்கை தெரியாமல் போடுவதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் அந்தக் கேசட்டுகளில்கூட ‘உங்கள் திரைக்கு ஏற்ப இந்தப் படம் மாற்றப்பட்டுள்ளது’ என்று ஆரம்பத்தில் ஒரு வரி போட்டார்கள். பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து எழுந்த கூச்சலுக்குப் பிறகு, 1988இல் அமெரிக்காவில் இதற்காகச் சட்டமே வந்தது. தேசியத் திரைப்படப் பதிவேட்டில் உள்ள படத்தைப் பெரிதாக மாற்றிக் காட்டினால், மாற்றியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம். உங்கள் தளத்தில் அந்த ஒரு வரியும் இல்லை. புதிதாகப் பார்க்கும் பிள்ளைகள் அஸ்டேர் இப்படித்தான் படமெடுத்தார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கறுப்புப் பட்டை பிடிக்காதவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எடுத்த வடிவத்தில் படத்தை ஏற்றுங்கள். நிரப்பிப் பார்க்க விரும்புகிறவர்கள் தங்கள் டிவி ரிமோட்டிலேயே பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கிய படத்திலிருந்து காலைத் திரும்ப எடுக்க என் ரிமோட்டில் பொத்தான் இல்லை. புதிதாக எதையும் நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்த பிரதியில் கைவைக்காமல் விட்டால் போதும்.

அடுத்த மாதம் எலினார் பவல் படங்கள் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவருடைய டேப் நடனத்துக்காக மட்டுமே பார்க்க வேண்டிய படங்கள் அவை. அவற்றை ஏற்றுவதற்கு முன்பாவது இந்த மடலை ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுதுவதானால் தயவுசெய்து டிவி அமைப்புகளைப் பற்றி வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து படங்கள் முழு உயரத்தில் வரும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டிவிட்ட ஒரு ரசிகர்,
சென்னை.