எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் விடிகாலையில் கீழ்வீட்டு அக்கா பதறிக்கொண்டு மேலே ஓடி வந்தார். சமையலறை முழுக்க கேஸ் வாடையாம். "எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டா போயிடும்ல?" என்றார். நல்லவேளை, போடும் முன் கேட்டார். சுவிட்சில் தெறிக்கும் சின்னப் பொறி போதுமே! அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாது, தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அதனால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம் வெளியில் நின்று 1906-க்குப் போன் செய்யலாம். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது. அன்று கூடியிருந்த யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கும் தீயணைப்புத் துறையின் 101 தான் ஞாபகம் வந்தது.

கடைசியில் பார்த்தால், ஆரஞ்சு டியூப் அடுப்புப் பக்கம் வெடித்திருந்தது. 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டியூப். அதில் அச்சடித்திருந்த ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. யார் அதைக் குனிந்து பார்க்கிறோம்? சிலிண்டரை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள், உள்ளே வந்து டியூபின் தேதியையும் பார்த்துச் சொல்ல ஏஜென்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை