முட்டையைக் குறைக்கச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை இணைப்பில் கல்லீரல் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: ‘கல்லீரல் சுருங்கியவர்கள் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் ஓய்வில் இருக்க வேண்டும், பருப்பு, முட்டை ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது.’ எத்தனையோ வரிகளைப் படித்துவிட்டு பேப்பரை மடித்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் மடித்து வைக்க முடியவில்லை. இதே வரியை நம்பி எங்கள் வீட்டில் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு வயது 66. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைத்தவர். ஈரோட்டுக்குப் போகிற மஞ்சள் மூட்டையை ஆள் துணை இல்லாமல் வண்டியில் ஏற்றிய கை அது. அப்புறம் அறுப்புக்கு மெஷின் வந்தது, மோட்டார் போட செல்போன் வந்தது. மொபெட்டில் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவதுதான் விவசாயம் என்றாகிவிட்டது. சர்க்கரை வந்தது, தொப்பை வந்தது, தொடை சூம்பியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் நீர் கோத்தபோதுதான் கல்லீரல் சுருங்கிவிட்டது தெரிந்தது. நீங்கள் இப்போது எழுதியதைத்தான் முதலில் பார்த்த டாக்டரும் சொன்னார்.

நான் 28 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஒரு பிள்ளைக்கு முட்டை விட்டுப்போனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் “முட்டை வேண்டாமுங்க, டாக்டர் சொல்லியிருக்காரு” என்று தட்டை இழுத்து வைத்தேன். கொள்ளுப் பருப்பு கடையாத வீடு எங்கள் பக்கம் உண்டா? அந்தச் சட்டியையே பரண்மேல் ஏற்றிவிட்டேன். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி, ரொட்டி, கயிற்றுக் கட்டில். ஐந்தாவது மாதம் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் ராத்திரி எழுந்தவர் நான் யார் என்று என்னையே கேட்டார்.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் மகள் வயதுள்ள டாக்டரம்மா. தெளிந்த பிறகு ஸ்கேனை ஒருபக்கம் வைத்துவிட்டு, “அப்பா, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காருங்க பாக்கலாம்” என்றார். இரண்டாவது தடவையே இவர் கை நாற்காலியைத் தேடியது. 12 விநாடிக்குள் முடித்திருக்க வேண்டுமாம். அப்புறம் பிடித்து அழுத்துகிற கருவி ஒன்றைக் கொடுத்தார். 17 கிலோ காட்டியது. ஆசிய மருத்துவர் குழு 2019-இல் சொன்ன அளவுப்படி ஆண்களுக்கு 28-க்குக் கீழே போனாலே தசை பலம் குறைவு, பெண்களுக்கு 18. பெண்கள் கணக்கிலும் தேறவில்லை என்று இவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் அந்தப் பக்கம் எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை சும்மா கிடந்து கரைந்தால் அந்தச் சர்க்கரை கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாகிறது. கல்லீரல் சுருங்கிய பிறகு அதனால் கழிக்க முடியாத, மூளையைக் குழப்புகிற அம்மோனியா என்ற புரதக் கழிவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் தசைதான். அம்மோனியாவுக்குப் பயந்துதான் அந்தக் காலத்தில் புரதத்தைக் குறைத்தார்கள். குறைத்தால் உடம்பு தன் சதையையே தின்கிறது, அம்மோனியாவை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகிறது. 2019-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் கொடுக்கச் சொல்கின்றன. நீர் எடை போக இவர் 58 கிலோ. கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: நாளைக்கு இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், கொள்ளோ பச்சைப்பயறோ நூறு கிராம். மீதி சோற்றிலும் ராகியிலும் ஏறக்குறைய வந்துவிடும். இந்த நோயாளிக்கு ஒரு ராத்திரி வெறும் வயிறு என்பது மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமமாம். அதனால் படுக்கும் முன் ஒரு கிண்ணம் பயறு கட்டாயம். சட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது.

அந்தப் பக்கத்துக்கு வைத்த படத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் என்றாலே உங்களுக்குச் சாராய பாட்டில்தான் கிடைக்குமா? என் வீட்டுக்காரர் கள் கூடத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் “அண்ணன் ரகசியமா ஊத்திக்குவாருங்களா அக்கா?” என்று பந்தியில் கேட்கிறார்கள். கொழுப்புக் கல்லீரலுக்கு 2023-இல் பெயரையே மாற்றி, உடம்பின் சர்க்கரை, கொழுப்புக் கோளாறோடு சேர்த்துச் சொல்கிறார்கள். உங்கள் பாட்டில் மட்டும் மாறவில்லை. பக்கத்துப் பத்தியில் ‘பத்தே நாளில் கல்லீரல் சுத்தம்’ லேகிய விளம்பரம் வேறு. மாதம் தவறாமல் சிக்ஸ் பேக் பையனுக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், வாழ்த்துகள். நாற்காலியிலிருந்து எழ முடியாத கிழவனுக்கு ஒரு வரி, அதுவும் தப்பு.

எல்லோரும் மூட்டை தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவருக்கே உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, முக்கித் தூக்கக் கூடாது என்று தடை. காலையில் கட்டுத்தரைத் தூணைப் பிடித்தபடி பத்து தடவை உட்கார்ந்து எழுகிறார், வாய்க்கால் கரையில் நடக்கிறார். கல்லீரல் பழையபடி ஆகவில்லை, ஆகும் என்று யாரும் சொல்லவுமில்லை. கைப்பிடி 21-க்கு வந்திருக்கிறது.

வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த புதன்கிழமை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘முட்டை, பருப்பைத் தானாகக் குறைக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். என் பெயர் வேண்டாம். எப்படியும் தப்பாகத்தான் போடுவீர்கள். வாய்க்காலுக்கு 120 நாள் தண்ணீர் கேட்டு எழுதிய கடிதத்தை 12 நாள் என்று அச்சடித்து ஊரில் என்னைத் தலைகாட்ட முடியாமல் செய்தவர்கள் நீங்கள். இந்தக் கடிதத்தில் வருவது ஒன்று புள்ளி இரண்டு. புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்