ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லும் முதலாளிமார்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் தொழில் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் பள்ளியில் நடந்த பிளஸ் டூ வழிகாட்டல் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். வேலைகளுக்கு நடுவே வந்ததற்கு நன்றி. அரை மணி நேரமும் அவர் பேசியது ஒன்றைத்தான்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழைக்க மனசில்லீங்க. வடக்க இருந்து ரயிலேறி வர்றவன் மெஷின்ல நிக்கறான், நம்மூர்ப் பையன் பைக்குல சோத்துப் பொட்டலம் கொண்டுட்டுப் போறான்." மாணவர்கள் கைதட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தோம்.

அப்படிப் பொட்டலம் கொண்டு போகும் ஒருவன் என் பழைய மாணவன். மெக்கானிக்கல் டிப்ளமோ. குறிச்சிப் பக்கம் பம்ப் உதிரிபாகப் பட்டறை ஒன்றில் மூன்று வருடம் விஎம்சி (உலோகத்தை வெட்டிச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) ஓட்டினான். டிராயிங் பார்த்துத் தானே செட்டிங் போடுவான். நைட் ஷிப்டில் மெஷின் நின்றால் அவனுக்குத்தான் போன் வரும். மூன்றாவது வருடமும் பதிவேட்டில் அவன் 'டிரெய்னி'. சம்பளம் கவரில், மேலே பேனாவில் பெயரும் தொகையும். பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் கிடையாது. வேறு கம்பெனியில் அனுபவச் சான்று கேட்டார்கள். பட்டறையில் போய்க் கேட்டால், "சர்டிபிகேட் குடுத்தா நீ போயிருவியே கண்ணு!" காகிதம் இல்லாததால் புதிய கம்பெனி அவனை ஃப்ரெஷர் என்று வைத்து, வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைத்துச் சொன்னது. "இங்க ஒரு ஆர்டருக்கு எத்தன ரூவான்னு போன்லயே காட்டீருதுங்க சார்" என்கிறான் இப்போது. நான் என்ன பதில் சொல்ல?

நாங்கள் கேட்பது ஒரே ஒரு பக்கம். இன்று சேரும் பையனோ பெண்ணோ எந்த வேலையில் சேருகிறார், எத்தனை மாதம் பயிற்சி, அது முடிந்தால் என்ன பதவி, என்ன சம்பளம், ஐந்து வருடத்தில் எதுவரை போகலாம். அதை எழுதிக் கொடுங்கள்.

இது சலுகையும் அல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளர்களுக்குப் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும் என்பதும் விதிதான். முறையாகப் பதிவு செய்து எடுத்தால் பயிற்சி முடிவில் பையன் கையில் ஒரு சான்றிதழாவது இருக்கும்.

பல்லடம் ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் போர்டு தொங்குகிறது: டெய்லர், செக்கிங், கைமடி (தையல் உதவி ஆள்) தேவை, தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம். சம்பளம் மட்டும் 'நேரில்'. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்றபோது, எனக்குத் தெரிந்த கம்பெனிகளில் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் கையில் எந்தக் கடிதமும் இல்லாதவர்கள்தான். மேடை கிடைத்தால் "ஏஐ வந்து எல்லாத்தையும் மாத்தப் போவுது, தயாரா இருங்க" என்கிறீர்கள். எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டால் அதுவும் நேரில்தான் போலிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பும்போது படிப்பு, செலவு, பிறகு கிடைக்கும் சம்பளம் எல்லாம் பார்த்துத்தானே அனுப்புகிறீர்கள்? அதே கணக்கைத்தான் இங்கே தறி ஓட்டுகிறவரும் தன் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறார்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மே மாதம் ரிசல்ட் வருவதற்கு முன், உங்கள் உறுப்பினர் கம்பெனிகளிடமிருந்து அந்த ஒரு பக்கத்தை வாங்கி, கையெழுத்து, முத்திரையோடு பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வந்த அன்றே நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்பாசிரியர்