லேப்ல கண்ணாடி போடுறியா பாப்பா

பாப்பா,

அம்மா பார்சல் போட்டுட்டா, தேன்குழல் தனி டப்பால இருக்கு, இங்க எல்லாரும் சௌக்கியம். போன ஞாயித்துக்கிழமையும் நீ வீடியோல வரல, அதுக்கு முந்தின வாரமும் வெறும் ஆடியோதான். பரவால்ல, வேலை இருக்கும். லேப்ல கண்ணாடி போடுறியா?

சின்னதுல ஃபாரடே கதை சொல்லுப்பான்னு நச்சரிப்பியே, 1823ல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல மூடின குழாய்க்குள்ள குளோரின் ஹைட்ரேட்டை, அதான் குளோரினும் தண்ணியும் சேந்து உறைஞ்ச கட்டியை, சூடு பண்ணினார், பாக்க வந்த டாக்டர் பாரிஸ், என்னய்யா குழாய்ல எண்ணெய்ப் பிசுக்குன்னு கேலி பண்ணினார், மறுநாள் காலைல 'நீங்க பாத்த எண்ணெய் திரவ குளோரின்'னு சீட்டு போச்சு, அந்த இடத்துல நீ கைதட்டுவ. அதே வருஷம் மார்ச்ல குழாய் வெடிச்சு அவர் கண்ணுல 13 கண்ணாடிச் சில்லு போனதை நான் சொல்லவே இல்ல, நீ தூங்கணுமேன்னு.

நீ திரவ ஆக்சிஜன்ல வேலை பாக்குறது பெருமைதான், நம்ம தெருவுல நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆனா ஜில்லுனு கிடக்குன்னு நம்பாத. வாயுவையெல்லாம் குளிர வெச்சு ஆராய்ச்சி பண்ணின டியூவார், தண்ணி பட்டாலே வெடிக்கிற சோடியத்தையே திரவ ஆக்சிஜன்ல போட்டார், சும்மா கிடந்துச்சு. அவரும் பிரெஞ்சு விஞ்ஞானி மாய்சானும் 1897ல ஃப்ளூரினை திரவமாக்கினாங்க, கண்ணாடியையே தின்கிற சாமான், மைனஸ் 187 டிகிரி பக்கத்துல கண்ணாடிக்குள்ளயே சமத்தா இருந்துச்சு. 1903ல அதையே கெட்டியாக்கி திரவ ஹைட்ரஜனோட சேர விட்டாங்க, மைனஸ் 252ல, அந்தக் குளிர்லயும் வெடிச்சுது. டியூவாரோட உதவியாளுங்க ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு கண்ணு போச்சு, வேற வேற சமயத்துல. பாடப்புத்தகத்துல அவங்க பேரை நான் பாத்ததே இல்ல, டியூவார் பேர்ல குடுவையே இருக்கு.

கண்ணாடி போடணும், மூஞ்சி மறைக்கிற ஷீல்டும் சேத்து. உன் ஃப்ரெண்டு போட்ட போட்டோல ராத்திரி சாப்பாட்டுக்கு எதுக்கு கூலிங் கிளாஸ்? அம்மா ஸ்டைல்னு நினைச்சிட்டா, நானும் அப்படியே விட்டுட்டேன்.

நம்ம மேலத்தெரு பையன் விஷயம். எட்டிப் பாக்காதடான்னு சொல்லியும் தண்ணித் தொட்டிகிட்ட குனிஞ்சான்னு உங்ககிட்ட சொன்னேன்ல, ஹெட்மாஸ்டருக்கும் அப்படியேதான் எழுதிக் குடுத்தேன். அவன் குனியல. மிளகு அளவு சோடியம் போதும், கிளாஸ் கைதட்டணும்னு நான் கொட்டப்பாக்கு அளவுக்கு வெட்டிப் போட்டேன். இப்பவும் பஸ் ஸ்டாண்டுல பாத்தா வணக்கம் சார்ங்கிறான், அவன் இடது பக்கமா நான் நிக்கிறதில்ல.

அம்மா ஒம்பதரைக்கு தூங்கிடுவா, அப்புறம் கூப்பிடு. எந்தக் கண்ணுன்னு மட்டும் சொல்லு, திட்ட மாட்டேன்.

அப்பா