செயலாளர் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் பொதுச்சபை அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வாசிகசாலை, முன்பள்ளி வேலைகள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வெள்ளத்தைப் பற்றித்தான்.

நவம்பர் கடைசிக் கிழமை மழையில் எங்கள் ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. 2008 இல் நிஷா புயல் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவுக்கு மழையைக் கொட்டியது. 2020 இல் புரெவிப் புயல் வந்தது. எப்போதாவது வரும் அனர்த்தம் என்று இனியும் ஆறுதல் சொல்ல முடியாது. மழை மட்டும் காரணமுமல்ல. தார்க் காப்பெற் போடும்போதெல்லாம் வீதி உயர்கிறது, வளவுகள் பள்ளமாகின்றன. பழைய வெள்ளவாய்க்காலை மதிலுக்குள் அடைத்தவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

ஐப்பசியில் சிரமதானம் செய்து வடிகாலில் இருந்து பொலித்தீனும் போத்தலுமாக அள்ளினோம். அது போதவில்லை. வீதி ஒரு திணைக்களத்திடம், வடிகால் இன்னொன்றிடம், குளம் வேறொன்றிடம். எங்கள் கடிதம் மூன்று இடமும் சுற்றியது.

கொங்கிரீட் வாய்க்கால் கட்டித் தண்ணீரை நேரே கடலுக்கு விட்டால் சரி என்றார் ஓர் அதிகாரி. நிர்வாகசபை இதை ஏற்கவில்லை. வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறு இல்லை. அதுவும் மாரியில்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் எங்கள் கிணற்று நீர். அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரையில் உவர்நீர் இறைக்கப்போகிறோமா? அதற்காக வெள்ளத்தைத் தேங்கவும் விட முடியாது. மலசலகூடக் குழி நிரம்பினால் அதே கிணறுதான் கெடும். டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை எல்லோரும் அறிவோம்.

ஆகவே தண்ணீர் முதலில் குளத்துக்குப் போகட்டும், மிஞ்சியது கடனீரேரிக்குப் போகட்டும். ஆரியகுளத்தை அழகாக்கியது நல்ல வேலை. அப்படியே ஒவ்வொரு குளத்தையும் தூர்வாரி, அதற்கு வரும் வாய்க்காலையும் திறக்க வேண்டும். சதுப்பு நிலங்களை வைத்திருக்கும் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் 2018 இல் ஈரநில நகரமானது. அங்கே சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்குவதுபோல இங்கே குளங்கள் தாங்கும்.

இதன்படி மூன்று கோரிக்கைகளை மாநகர சபைக்கு அனுப்ப இச்சபையின் அனுமதியைக் கேட்கிறேன்: வெள்ளவாய்க்காலை மறிக்கும் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடாது, வீதியை உயர்த்துமுன் தண்ணீர் போகும் வழி காட்டப்பட வேண்டும், வடிகால் துப்புரவுக்குப் பாதீட்டில் தனி ஒதுக்கீடு வைத்து, புரட்டாசிக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

செயலாளர்